நூலளவு சதை

1

இந்தக் கதை என் மூளையில் உதிக்கவில்லை. என் மகனின் நெஞ்செலும்புக்குப் பின்னால் உதித்தது. ஓர் ஊசி வழியாக வெளியே வந்து, மெழுகில் உறைந்து, என் மருமகள் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்குப் போய், அங்கிருந்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. நான் செய்ததெல்லாம் காகிதம் எடுத்ததுதான்.

என்னை முன்பே படித்தவர்களுக்கு என் யோக்கியதை தெரியும். முதல் நாவலை எழுதிக்கொண்டிருந்தபோது மைக்கூட்டில் விழுந்த ஈ ஒன்று தப்பித்து வெளியே வந்து, காகிதத்தின் மேல் நடந்து நடந்தே இரண்டாம் அத்தியாயம் முழுவதையும் எழுதி முடித்தது. விமர்சகர்கள் அந்த அத்தியாயத்தைத்தான் பாராட்டினார்கள். இதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன், ஒருவரும் மறுத்ததில்லை. அப்படிப்பட்ட ஆள் சொல்கிற கதை இது. ஒரே வித்தியாசம், இதில் நம்ப முடியாததாகத் தோன்றும் இடங்கள் எல்லாம் உண்மை. பொய் வரும்போது கையைத் தூக்கிச் சொல்லிவிடுகிறேன்.

விஷயம் இதுதான். என் மகன் லிஃப்ட் மெக்கானிக். கொஞ்ச நாளாகக் காலையில் எழுந்தால் முகம் உப்பியிருந்தது. சட்டைக் காலர் இறுக்கியது. லிஃப்ட் ஓடும் கூண்டுக்குள் ஏணியில் ஏறும்போது மூச்சு வாங்கியது. படம் எடுத்துப் பார்த்தால் நெஞ்சுக்குள் ஒரு கட்டி. அது இரண்டு வகைகளில் ஒன்றாக இருக்கலாம். ஒன்று மருந்துக்குக் கரைந்துவிடும்; ஆள் திரும்ப வேலைக்குப் போய்விடுவான். மற்றது கரையாது. நுண்ணோக்கியில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். எது என்று பிரித்துச் சொல்வதுதான் என் மருமகளின் தொழில். ஊரார் கட்டிகளைச் சொல்லலாம். கட்டிய கணவனின் கட்டியைச் சொல்லக் கூடாது என்பது அங்கே விதி.

"எழுதுங்க மாமா, வேண்டாம்னு சொல்லல," என்றாள் மருமகள். "எழுதலைன்னா நீங்க வீட்ல இருக்கிறவங்க உயிரை எடுப்பீங்க. ஆனா அவரை அவரா எழுதக் கூடாது. வேற யாரையாவது படுக்க வைங்க."

"யாரைம்மா?"

"அது உங்க பாடு. பொய் சொல்றதுக்கு உங்களுக்கு நான் பாடம் எடுக்கணுமா?"

2

படுக்க வைக்க ஆள் தேடினேன்.

"துறைமுகத்திலேயே உயரமான கிரேனை ஓட்டுபவன் அவன். அவனுடைய இருக்கை மேகத்துக்கு மேலே இருந்ததால், மழை பெய்கிறதா என்று கீழே ஃபோன் போட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வான். ஒருநாள் அவனுக்கு மூச்சு வாங்க—"

[விட்டுவிட்டேன். இவன் பிழைப்பானா மாட்டானா என்று எனக்குக் கவலையே வரவில்லை. எழுதுகிறவனுக்கே வராத கவலை உங்களுக்கு எங்கிருந்து வரும்?]

"சர்க்கஸில் கத்தி எறிபவனுக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான் உண்டு: தும்மல். பலகையில் சாய்ந்து நிற்கும் மனைவிக்கும் அதே பயம். ஆகவே இருவரும் ஒருவர் மூக்கை ஒருவர்—"

[மருமகள் இதைப் படித்துவிட்டு, "மாமா, இந்த ஆளுக்கு ஏன் அவரோட மூக்கை வெச்சிருக்கீங்க?" என்றாள். மூக்கு எப்படி இருக்கும் என்று நான் ஒரு வரியும் எழுதவில்லை. எழுதாத மூக்கு அவளுக்குத் தெரிந்திருக்கிறது. விட்டுவிட்டேன்.]

மூன்றாவதாக ஒரு கெட்டவனைப் பிடித்தேன். கட்டி தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்ளட்டும், எனக்கும் தூக்கம் கெடாது என்று கணக்கு.

"தெரு நாய்களுக்குக் கல்லெறிபவன். பக்கத்து வீட்டுச் செடியில் வெந்நீர் ஊற்றுபவன். சொந்த அண்ணனின் செருப்பைத் திருடி, அதைப் போட்டுக்கொண்டே அவர் வீட்டுக்கு விருந்துக்குப் போனவன்—"

இவன் நன்றாக வந்துகொண்டிருந்தான். ஆனால் மூன்றாம் பத்தியில், நான் சொல்லாமலே, ஒரு கட்டடத்துக்குள் நுழைந்து நின்றுபோன லிஃப்டைச் சரிசெய்ய ஆரம்பித்துவிட்டான். உள்ளே மாட்டிக்கொண்டிருந்த கிழவியிடம், "பயப்படாதீங்கம்மா, உங்களை மேல தூக்கவா கீழ இறக்கவா, எது வசதி?" என்று கேட்டான். அது என் மகன் எல்லா இடத்திலும் கேட்கும் கேள்வி.

ஆக, நோயாளி என் மகன்தான். நிபந்தனையை மீறிவிட்டேன். மருமகளிடம் சொல்லவில்லை. இதைப் படிக்கும்போது தெரிந்துகொள்ளட்டும்.

3

[இந்தப் பகுதி கொஞ்சம் கட்டுரை மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். இதைத் தாண்டாமல் என் மகனிடம் போக வழியில்லை.]

ஊசியில் வந்த சதை நூலளவு. வெட்டிப்போட்ட நகத்தைவிட மெல்லியது. அதை மெழுகில் புதைத்து, கூர்மையான கத்தி பொருத்திய ஒரு கருவியில் வைத்துச் சீவுகிறார்கள். ஒவ்வொரு சீவலும் வெங்காயச் சருகைவிட மெலிது. அதை வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டால் ஏந்தி எடுக்கிறார்கள். அந்த நேரத்தில் இரண்டு தும்மல் போட்டால் ஒரு நோயாளி பறந்துவிடுவார். (மிகை. ஒரு தும்மல் போதும்.)

சாதாரணச் சாயம் போட்டுப் பார்த்தால் தெரிந்தது: பெரிய, வெளிறிய, உருண்டைச் செல்கள். கரையும் வகையும் அப்படித்தான் இருக்கும், கரையாத வகையும் அப்படித்தான். இங்கேதான் ஆன்டிபாடி உள்ளே வருகிறது.

ஆன்டிபாடி என்பது உலகத்தில் ஒரே ஒரு முகம் மட்டும் தெரிந்த மடையன். கூட்டம் நெரியும் ரயில் நிலையத்தில் அவனை இறக்கிவிட்டால் அந்த முகத்தை மட்டும் தேடுவான். கண்டுபிடித்தால் கழுத்தைக் கட்டிக்கொள்வான், இழுத்தாலும் வரமாட்டான். அந்த முகம் அங்கே இல்லையென்றால், கழுவுகிற தண்ணீரோடு போய்விடுவான். பிறகு, மடையன் ஒட்டியிருக்கும் இடமெல்லாம் பழுப்பாகும்படி ஒரு திரவத்தை ஊற்றுகிறார்கள். பழுப்பு என்றால் தேடிய ஆள் இருக்கிறான். வெறும் நீலம் என்றால் இல்லை. இந்த மடையர்களை எலியிடமிருந்தும் முயலிடமிருந்தும் உண்டாக்குகிறார்கள். நான் கையைத் தூக்கவில்லை, கவனியுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதற்கும் கை தூக்கப் போவதில்லை. ஆண்பிள்ளை கருவில் உருவாகும்போது, விதைக்குப் போய்ச் சேர வேண்டிய செல்கள் உடம்புக்குள் நெடுந்தூரம் நடந்து போகின்றன. சில செல்கள் வழி தவறி நெஞ்சிலேயே இறங்கிவிடுகின்றன என்கிறார்கள். பஸ்ஸில் தூங்கிவிட்டு வேறு நிறுத்தத்தில் இறங்கினவன் மாதிரி. பல வருடம் சும்மா இருந்துவிட்டு, ஒருநாள் அங்கேயே வீடு கட்ட ஆரம்பிக்கும். அதுதான் முதல் வகை, கரையும் வகை. இரண்டாம் வகைக்கு இப்படி ஒரு பூர்வகதையும் கிடையாது. எங்கிருந்து கிளம்பியது என்றே சொல்ல முடியாத புற்று அது.

ஒவ்வொரு மடையனை இறக்கிவிடவும் ஒரு சீவல் செலவு. கேள்விக்கு ஒரு சீவல். நூலோ குட்டை.

"இன்னொரு முறை ஊசி போடலாமே?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். முதல் ஊசிக்கே நெஞ்சுக்குள் இரத்தம் கொட்டி, நுரையீரல் சுருங்கி, நாங்கள் வராந்தாவில் நின்ற நிலை எதிரிக்கும் வேண்டாம். கட்டி பெரிய இரத்தக்குழாயோடு ஒட்டிக் கிடக்கிறது. மறுபடி தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார் அறுவை சிகிச்சைக்காரர். இரத்தப் பரிசோதனையும் வாய் திறக்கவில்லை.

மருமகள் பார்க்கக் கூடாது என்பதால் தகடுகள் துறைத் தலைவரிடம் போயின. அவருக்கு எங்கள் வீட்டில் 'ஆனா டாக்டர்' என்று பெயர். எந்த வாக்கியத்தையும் 'ஆமா' என்று தொடங்கி 'ஆனா' என்று நிறுத்திவிடுவார். மிச்சத்தை நோயாளிகள் வாழ்ந்து முடித்துக்கொள்வார்கள். அவர் முதலில் கேட்டது, இது இரத்தப் புற்றா என்று. இல்லை. ஒரு சீவல் போயிற்று. அடுத்து, பெரும்பாலான புற்றுகள் காட்டும் பொது அடையாளம் ஒன்றைக் கேட்டார். அங்கங்கே லேசான பழுப்பு. அந்த லேசான பழுப்பை இரண்டு வகையுமே காட்டக்கூடும். "ஆமா, இருக்கு. ஆனா..." என்றார். இன்னொரு சீவல் போயிற்று. மெழுகைத் திருப்பிப் பார்த்த சீவுகிற பெண், நல்லதாக இன்னும் இரண்டு வரும், அவ்வளவுதான் என்றாள்.

ஆகவே மூன்றாவது கேள்வி: முதல் வகைக்கு மட்டுமே உரிய முகம் இருக்கிறதா? கார் நம்பர் பிளேட் மாதிரி எழுத்தும் எண்ணுமாக ஒரு பெயர் கொண்ட ஆன்டிபாடி. அது பழுப்பானால் என் மகன் பிழைப்பான்.

4

பழுப்பாயிற்று.

பார்க்கக் கூடாது என்று சொல்லப்பட்டவள் பார்த்துவிட்டாள். ஆனா டாக்டர் கூட்டத்துக்குப் போயிருந்த சாயங்காலம், தட்டில் ஈரம் காய்ந்துகொண்டிருந்த தகட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். எனக்கு ஃபோன் வந்தது.

"மாமா. பழுப்பு. அவ்வளவும் பழுப்பு."

"யாரும்மா பேசறது?" என்றேன். குரல் அடையாளம் தெரியவில்லை. அவள் சந்தோஷமாகப் பேசிக் கேட்டு நாளாகியிருந்தது.

மகன் ஃபோனைப் பிடுங்கினான். "டாக்டரம்மா, பழுப்புன்னா நல்லதா கெட்டதா, தெளிவா சொல்லு. எங்க தொழில்ல பழுப்புன்னா துரு."

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தாள். மகன் ஃபோனை வைத்துவிட்டு அலமாரிக்கு அடியிலிருந்து வேலைக்குப் போகும் பூட்ஸை இழுத்தான். குனிந்ததில் முகம் சிவந்து மூச்சு முட்டியது. உட்கார்ந்துகொண்டே துடைத்தான். கூட வேலை பார்ப்பவனுக்கு ஃபோன் போட்டு, "அந்த மூணாவது லிஃப்ட்ல கை வெச்சிடாதே. நீ தொட்டா அது இன்னும் கெடும். நான் வந்து பாத்துக்கறேன்," என்றான்.

கதை இங்கே முடிந்திருந்தால் சின்னதாக, அழகாக இருந்திருக்கும். பத்திரிகைக்காரர்களுக்கும் பிடிக்கும்.

5

மறுநாள் முற்பகலில் மருமகள் மறுபடி ஃபோன் செய்தாள். "மாமா, கீழ பார்க்கிங்க்கு வாங்க. கார்ல இருக்கேன். அவர்கிட்ட சொல்லிட்டு வராதீங்க."

போனேன். என்ஜினை அணைத்துவிட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

"சீட் பெல்ட் போடவா?" என்றேன்.

"விளையாடாதீங்க மாமா. ஸ்லைடுல ரெண்டு துண்டு இருக்கணும். ஒண்ணு அவரோடது. இன்னொண்ணு கண்ட்ரோல்."

"கண்ட்ரோல்னா?"

"கண்டிப்பா பழுப்பாகும்னு தெரிஞ்ச சதை. வேற யாரோடதோ. ஒவ்வொரு ஸ்லைடுலயும் பக்கத்துல ஒட்டுவோம். அது பழுப்பானாதான் ஆன்டிபாடி வேலை செஞ்சதுன்னு அர்த்தம். அதுக்கப்புறம்தான் நோயாளியோட துண்டைப் பாக்கணும்."

"சரி."

"இன்னிக்குக் காலைல ஜன்னல்கிட்ட நின்னு வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன். சும்மா, மறுபடி ஒரு தடவை பாக்கலாம்னு." நிறுத்தினாள். "ஒரு துண்டுதான் இருக்கு மாமா. உருண்டையா."

நூல் இல்லை. என் மகன் அந்தத் தகட்டில் இல்லவே இல்லை.

* இங்கே ஒரு விளக்கம். சீவலில் அந்த முகங்கள் மூடிக் கிடக்கும். திறப்பதற்காகத் தகட்டைக் கொதிக்க வைப்பார்கள். ஆய்வகத்தில் அதற்கு ஒரு பிரஷர் குக்கர் இருக்கிறது. நம் அடுப்படியில் இருக்கும் அதே குக்கர்தான். கொதிப்பதற்கு முன் சீவலை நன்றாகக் காய வைக்க வேண்டும்; காயாவிட்டால் கண்ணாடியைவிட்டுக் கழன்று, கொதிநீரில் கரைந்து, சாக்கடைக்குப் போய்விடும்.

"காய வைக்கலையா?"

"வெச்சாங்க, சாயம் போடற பசங்க. கொஞ்ச நேரம் குறைச்சு." கண்ணை மூடிக்கொண்டாள். "எனக்காக மாமா. மேடத்தோட வீட்டுக்காரர், பாவம், காத்துட்டிருக்காங்க, சீக்கிரம் முடிச்சுக் குடுப்போம்னு. வேற யாருக்காவதுன்னா முழு நேரமும் வெச்சிருப்பாங்க."

அன்பு என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இனி நான் இதைத்தான் சொல்லப் போகிறேன்.

"நீ எப்படிம்மா கவனிக்காம..."

"எடுத்ததும் பெரிசு பண்ணிப் பாத்தேன். பெரிசு பண்ணினா செல்லுதான் தெரியும், துண்டோட வடிவம் தெரியாது. கண்ட்ரோல் எது தெரியுமா? அதே முதல் வகைக் கட்டி. அதே மாதிரி பெரிய வெளிறிய செல். நான் அதைப் பாத்து..." வாயைப் பொத்திக்கொண்டாள். "படிக்க வர்றவங்களுக்குத் தினம் சொல்றேன் மாமா. முதல்ல வெறும் கண்ணால பாருங்க, எத்தனை துண்டுன்னு பாருங்க, அப்புறம் உள்ள வைங்கன்னு. தினம் சொல்றேன்."

"அந்தக் கண்ட்ரோல் யாரோடது?"

"தெரியாது. எப்பவோ ஆபரேஷன் பண்ணின யாரோ. நம்பர்தான் இருக்கு."

"பொழைச்சாரா அவர்?"

"தெரியாதுன்னு சொல்றேன்ல மாமா!"

யாரோ ஒருவர் பழுப்பாகியிருக்கிறார். அதற்கு நாங்கள் பூட்ஸ் துடைத்தோம்.

"நீங்க சொல்லுங்க மாமா, அவர்கிட்ட. நீங்க எதைச் சொன்னாலும் அவர் சிரிப்பார்."

"அதனாலதாம்மா நான் சொல்லக் கூடாது."

"இன்னிக்கு ஒரு நாள் விடு. நாளைக்குச் சேர்ந்து சொல்லலாம்," என்றேன். அந்த ஒரு நாளை வாங்கிக் கொடுப்பது என் வேலை ஆயிற்று.

6

[இந்தப் பகுதியை உங்களுக்காக எழுதவில்லை. இந்தக் கதையை எழுத ஆரம்பித்ததிலிருந்து பக்கம் பக்கமாக வாங்கிப் படித்துக்கொண்டிருந்தவன் என் மகன்தான். 'அப்பா, கிரேன் அப்படி நிக்காது' என்று திருத்துவான். இன்றைக்கும் பக்கம் கேட்பான். இல்லையென்றால் ஏன் இல்லை என்பான். அதனால் எழுதினேன். கையைத் தூக்குகிறேன்.]

"நுண்ணோக்கியின் வெளிச்ச வட்டத்துக்குள் அந்தப் பழுப்பு, அந்தி வெயில் படிந்த ஆற்று மணல்போல் விரிந்து கிடந்தது. ஒவ்வொரு செல்லும் தன் ஜன்னலில் ஒரு விளக்கை ஏற்றி வைத்திருந்தது. வழி தவறிய பிள்ளைகள் அனைவரும் ஒரே குரலில் தங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார்கள். அவள் நிமிர்ந்தபோது அறையில் இருந்த எல்லாப் பொருள்களும் அவற்றின் இடத்தில் இருந்தன. உலகம், ஒரு நீண்ட பிழைக்குப் பிறகு, திருத்தப்பட்டிருந்தது."

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். ஒரு கமா கூட நகர்த்த வேண்டியிருக்கவில்லை.

7

மகன் சோபாவில் சாய்ந்து படித்தான். படுத்தால் மூச்சு முட்டுவதால் இப்போதெல்லாம் சாய்ந்துதான் இருக்கிறான். மருமகள் அடுக்களையில் பாத்திரங்களைத் தேவைக்கு அதிகமாகச் சத்தப்படுத்திக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இது ரொம்ப நல்லா இருக்கு."

"இருக்கும். மெனக்கெட்டிருக்கேன்."

"இல்ல, ரொம்ப நல்லா இருக்கு." பக்கத்தை மடியில் வைத்தான். "என்ன ஆச்சு?"

"என்ன என்ன ஆச்சு?"

"நிஜம் எழுதும்போது உங்களுக்கு ஒரு வாக்கியமும் நேரா நிக்காதுப்பா. அம்மா போனப்போ எழுதினீங்களே, எழுவாய் ஒரு பக்கம் பயனிலை ஒரு பக்கம்னு விழுந்து கெடந்துது. புளுகும்போதுதான் இப்படி ஜன்னல்ல விளக்கெல்லாம் ஏத்துவீங்க. சொல்லுங்க."

ஈ எழுதிய அத்தியாயத்தை ஊரையே நம்ப வைத்தவன் நான். அவன் மடியிலிருந்த பக்கத்தை எடுத்து நான்காக மடித்தேன். அடுக்களையில் சத்தம் நின்றது.

மருமகள் வந்து அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். என்னிடம் காரில் சொன்னதையெல்லாம் சொன்னாள். குக்கர், உருண்டை, யாரோ ஒருவர். "நான்தான் பாக்காம சொல்லிட்டேன்ங்க," என்றாள். அவன் கேட்டான்:

"அவரோட கட்டி நல்லாப் பழுப்பா இருந்துச்சா?"

"ம்."

"நல்லதாப் போச்சு. அவராவது நல்லா இருக்கட்டும்." அவள் தோளில் கை வைத்தான். "அந்தப் பசங்களைத் திட்டிடாதே. அவசர வேலை எவ்வளவு பாத்திருக்கேன் நான். அவசரம்னு சொல்லி ஒரு போல்ட்டை விட்டுட்டு வந்திருக்கேன், பாதி ராத்திரி... சரி விடு. இன்னும் எவ்வளவு இருக்கு?"

"ஒரு சீவல்."

8

ஆனா டாக்டர் வீட்டுக்கே வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கதைக்கு அவர் வேண்டுமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. பெயர் வைத்துச் சிரிப்பதற்கு மட்டும் ஒரு மனிதரை உள்ளே கொண்டுவருவது எனக்கே பிடிப்பதில்லை. ஆனால் வந்துவிட்டார்.

"ஆமா, கேக்காமலேயும் இருக்கலாம்," என்றார். "முதல் வகைன்னு வெச்சுக்கிட்டு அதுக்கான மருந்தைக் குடுத்துப் பாக்கலாம். ஆனா..."

நிறுத்திவிட்டார்.

"சார்," என்றான் மகன். "ஆனாவுக்கு அப்புறம் ஒண்ணு இருக்கும்ல? இந்த ஒரு தடவை அதைச் சொல்லிடுங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அது இல்லாமல் அவர் முகம் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"ஆனா, அது ரெண்டாவது வகையா இருந்தா, அந்த மருந்து கட்டியை ஒண்ணும் பண்ணாது. உங்களைத்தான் பண்ணும். மிச்சமிருக்கிற நல்ல மாசங்களையும் எடுத்துடும். கடைசிச் சீவலைக் கேட்டுட்டா அது தெரிஞ்சுடும். கேட்டு, அதுல பழுப்பு இல்லைன்னா, என்கிட்ட வேற சொல்றதுக்கு எதுவும் இருக்காது."

ஒரு முழு வாக்கியம் அல்ல, பல முழு வாக்கியங்கள். சொல்லி முடித்ததும் களைத்துப்போனார். மருமகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தார்.

"கேக்காம இருக்கலாமேங்க," என்றாள் அவள், கணவனிடம். தகடு படிப்பதே தொழிலாகக் கொண்டவள் சொன்னது இது. "மருந்தைப் போட்டுக்கலாம். கரைஞ்சாலும் கரையும்ல."

"பிரேக் பிடிக்குமான்னு தெரியாம நான் யாரையும் லிஃப்ட்ல ஏத்தினதில்ல. என்னையும் ஏத்திக்க மாட்டேன்." டாக்டரைப் பார்த்தான். "கேளுங்க சார். முழு நேரமும் காய வெச்சுக் கேளுங்க. ஆனா நான் பாக்கணும். நானே கண்ணால."

"அதுக்கு வழக்கம் இல்ல," என்று ஆரம்பித்த டாக்டர் மருமகளைப் பார்த்தார். "...வாங்க," என்றார்.

அவர் போன பிறகு மகன் என்னிடம் திரும்பினான். "கதைக்கு முடிவு என்னப்பா வெச்சிருக்கீங்க?"

வைத்திருந்தேன். ஒன்றுக்கு மூன்றாக.

ஒன்றில், பழுப்பு. மூவரும் ஆய்வகத்தைவிட்டு வெளியே வரும்போது மழை நின்றிருக்கிறது. மகன் கேட்டுவிட்டு, "மழையை யார் வரச் சொன்னது?" என்றான்.

இன்னொன்றில், நீலம். அதற்கு ஒரு வரி எழுதியிருந்தேன்: "அவன் நிமிர்ந்து தன் மனைவியைப்—" அதற்கு மேல் இல்லை. அவன் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

மூன்றாவதில், ஆன்டிபாடி உள்ளே வந்து தேடுவதற்கு முன்பே ஒரு செல் எழுந்து நின்று, "ஐயா, நான்தான். தப்பான நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள், கிளம்புகிறேன்," என்று சொல்லி, சொந்தக்காரர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு நடையைக் கட்டுகிறது. மகன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, மேசையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. நான் முதுகைத் தடவினேன். முதுகில் எலும்பு எலும்பாகத் தட்டுப்பட்டது. இதற்கு உவமை தேடவில்லை.

"இது நல்லா இருக்குப்பா," என்றான் மூச்சு திரும்பியதும். "அதனால வேண்டாம்."

9

ஆய்வகம் அடித்தளத்தில் இருக்கிறது. குழல் விளக்குகள், மெழுகு உருகும் வாசனை, தண்ணீர் சொட்டும் ஒரு குழாய். குக்கரைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். சீவுகிற பெண்ணும் சாயம் போடும் பையன்களும் சாப்பிடப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்கள். சாப்பாட்டு நேரம் முடிந்து வெகுநேரமாகிறது. ஆனா டாக்டரின் அறையில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் பார்க்கக்கூடிய நுண்ணோக்கி. ஒரு பக்கம் அவர். எதிர்ப்பக்கம் என் மகன், பூட்ஸ் போட்டுக்கொண்டு. நடுவில் மருமகள் நிற்கிறாள். அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை ஒன்றுதான்: தட்டின் மூடியைத் திறந்து தகட்டை எடுத்துக் கொடுப்பது.

நான் வெளியே வராந்தாவில் இருக்கிறேன். "மாமா, நீங்களும் வாங்க," என்றாள். கதவை வெளியிலிருந்து சாத்தினேன்.

மூடி இன்னும் திறக்கவில்லை. நான் எழுதினால்தான் திறக்கும். எழுதினால் என் கை தானாகவே விளக்குகளை ஏற்ற ஆரம்பித்துவிடும். அதை என் மகன் படித்ததும் கண்டுபிடித்துவிடுவான். எழுதாமல் விட்டால் மூவரும் இப்படியே இருப்பார்கள். அவள் கை மூடியின் மேல், அவன் கண் குழலுக்குப் பக்கத்தில். கெட்டது எதுவும் நடக்காது. கொஞ்ச நேரம் அப்படித்தான் அவர்களை வைத்திருந்தேன். பக்கத்தைத் திருப்பாமல், பேனாவை மூடி, வராந்தாவில் இப்படியும் அப்படியும் நடந்தேன்.

ஆனால் அவனுக்கு மூச்சு வாங்குகிறது. நிமிர்ந்து உட்கார்ந்திருப்பது கஷ்டம். ஒரு வாக்கியத்தின் நடுவில் அவனை எவ்வளவு நேரம் உட்கார வைப்பது?

ஆகவே நீங்கள் போங்கள்.

கதவு பூட்டவில்லை. இழுக்காதீர்கள், தள்ளினால் திறக்கும். உள்ளே இடது பக்கம் ஒரு நாற்காலியில் அட்டைப் பெட்டிகளை அடுக்கியிருப்பார்கள். இறக்கி வைத்துவிட்டு உட்காரலாம். யாரும் உங்களை யாரென்று கேட்கமாட்டார்கள். என் மகன் மட்டும் ஏதாவது கிண்டல் செய்வான், சிரித்துவிடுங்கள். என் மருமகளிடம் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். அவள் தயங்கினால் நீங்களே திறங்கள்.

பார்த்துவிட்டு வெளியே வந்து என்னிடம் சொல்லுங்கள். இத்தனை வருடமாக நான் சொன்னதையெல்லாம் நீங்கள் நம்பினீர்கள். இப்போது நீங்கள் எதைச் சொன்னாலும் நான் நம்புவேன். எதைச் சொன்னாலும். அதனால், உள்ளே வைப்பதற்கு முன்னால், தயவுசெய்து தகட்டை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு துண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.